ஒரே குதிரை, இருபத்தெட்டுப் படம்

பிள்ளைகளே, நம் வீட்டுச் சுவரில் மண்குதிரைப் படம் ஒன்று தொங்குகிறதே, அதை யார் எடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் எடுத்ததுதான். பெரியவனே, மொட்டைக்கு முந்தி உனக்குப் படமே இல்லாததற்கும் அந்தக் குதிரைதான் காரணம். உங்கள் அம்மா இதைச் சொல்லமாட்டாள். நானே எழுதிவிடுகிறேன்.

பெரியவனின் முடி வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் குலசாமி அய்யனாருக்கு நேர்ந்துவிட்டது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் இறக்க வேண்டும். மாமாவோ சிங்கப்பூரில். அவர் வருவதற்குள் பிள்ளைக்கு மூன்று வயது முடிந்து, முடி பாதி முதுகுக்கு வந்துவிட்டது. இறக்கும் முன் சடை பின்னிப் பூ வைத்து, தன் தம்பி மடியில் உட்காரவைத்து, சடை தெரிகிற மாதிரி பின்னால் கண்ணாடி வைத்து ஒரு படம். உங்கள் அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

மாமா அங்கே ஒரு போட்டோக் கடையில் வேலை பார்த்தார். முதலாளியின் கேமராவை இரவல் வாங்கிவந்திருந்தார். அடியில் மோட்டார் வைத்தது. தோளில் பேட்டரிப் பெட்டி, அதிலிருந்து கேமராவுக்கு ஒரு வயர். பிலிமைக் கையால் சுற்ற வேண்டாம், மோட்டாரே இழுத்துக்கொள்ளும். அவரே எடுத்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் படத்தில் உட்கார வேண்டியவர் அவர். கோயில் வாசலில், மண்குதிரைக்கு முன்னால், கேமரா என் கைக்கு வந்தது.

"ஒண்ணுமில்ல மச்சான். பட்டனை அமுக்குனா போதும், அதுவே சுத்திக்கிரும். மொதல்ல அந்தக் குதிரையை ஒண்ணு எடுத்துப் பழகிக்கங்க" என்று சொல்லிவிட்டு வேட்டி மாற்றப் போனார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கந்தர்வக்கோட்டை நண்பர் ஒருவரின் பெட்டிக் கேமராதான். அதில் விசையை அழுத்தினால் 'டக்' என்று கேட்ட பிறகும் விரலை அசைக்கக் கூடாது. அசைத்தால் படம் கலங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் அழுத்தினேன். தையல் மெஷின் மாதிரி தடதடவென்று ஓட ஆரம்பித்தது. கையெல்லாம் அதிர்ந்தது. நடுவில் விட்டால் கெட்டுப்போகுமோ, இரவல் பொருளாயிற்றே என்று பயந்து, அதுவாக நிற்கட்டும் என்று இன்னும் இறுக்கி அழுத்தினேன்.

"விரலை எடுங்க மச்சான்! எடுங்க!"

மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதற்கும் அது நிற்பதற்கும் சரியாக இருந்தது. கேமராவின் எண்ணைப் பார்த்தவர், "போச்சு. இருபத்தெட்டுப் படம் பாக்கி இருந்துச்சு. அம்புட்டும் குதிரைதான்" என்றார். "விரலை எடுத்தாத்தான் நிக்கும்னு சொல்லாம விட்டுட்டேனே."

வேறு பிலிம் வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. வீடு திருவரங்குளத்துக்கு அங்கிட்டு. அடுத்த பஸ்ஸே பதினொரு மணிக்கு. அன்று வெள்ளிக்கிழமை.

"பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும்ங்க" என்றார் பூசாரி. "அய்யனாரு வாகனத்தைத்தானே எடுத்திருக்கீங்க. மாட்டி வச்சுக் கும்புடுங்க."

யாரோ சிரித்தார்கள். அந்த நேரம் உங்கள் அம்மா பிள்ளை இடுப்பிலும் கண்ணாடி கையிலுமாக வந்தாள். சடை நிறைய மல்லிகை.

"எங்கிட்டுங்க உக்காரணும்? இங்கிட்டு வெயில் அடிக்குதே. சடை தெரியுமா?"

மாமாதான் சொன்னார்: "அக்கா, பிலிம் தீந்துபோச்சுக்கா."

"ஒண்ணுகூடவா இல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு, பூவை ஒவ்வொரு சரமாக உருவினாள். பின்னலை அவிழ்த்து, விரலாலேயே ஒரு தடவை கோதிவிட்டு, பிள்ளையைத் தம்பி மடியில் கொடுத்தாள். முடி இறக்குபவர் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தேய்த்தார். பேட்டரிப் பெட்டியைக்கூடக் கழற்றத் தோன்றாமல் நான் அப்படியே நின்றேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் கீழே விழுந்துவிட்டது.

மாமா சிங்கப்பூர் போய்ப் பிலிமைக் கழுவி, நல்லதாக ஒரு குதிரையை அனுப்பினார். அதைச் சுவரில் மாட்டியது உங்கள் அம்மா. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்று பொங்கல் சாப்பிட்டு எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். துண்டை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்பினேன். கோயிலில் யாரும் இல்லை. குதிரைக்கு முன்னால் போய் நின்று, அதன் கால் குளம்பில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினேன். உடனே எடுத்தேன். மறுபடி அழுத்தினேன், எடுத்தேன்.