முடிந்த பின்னும் இருந்த இத்தா

எங்கள் ஆஸ்பத்திரியின் ரெக்கோட் அறையில் என் வேலை, சுகமாகி வீட்டுக்குப் போனவர்களின் ரிக்கட்டுகளை, அதாவது கட்டிலடியில் தொங்கிய நோய்க்குறிப்புத் தாள்களைப் படித்து, டொக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டைப் போடுவது. உலகம் முழுவதும் ஒரே குறியீடுதான். கல்முனையில் ஒருவருக்கு வந்த நெருப்புக்காய்ச்சலும் பனி கொட்டுகிற ஏதோவொரு ஊரில் வந்த நெருப்புக்காய்ச்சலும் தாளில் ஒன்றாகத்தான் இருக்கும். மனம் சம்பந்தப்பட்டதெல்லாம் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும். பெரிய அதிர்ச்சியால் வருவது எஃப் நாற்பத்துமூன்று. அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு. சம்பவம் நடந்த கையோடு வந்து சீக்கிரமே போய்விடுவது புள்ளி பூச்சியம். போகாமல் தங்கி, நடந்ததையே திரும்பத் திரும்பக் கண்முன் கொண்டுவந்து, அந்த இடத்துக்குக் கிட்டவும் போக விடாமல் செய்வது புள்ளி ஒன்று.

இந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான சட்டம் இருக்கிறது. டொக்டர் எழுதாததை நாங்கள் போடக்கூடாது. நித்திரை இல்லை, சத்தம் கேட்டால் ஒளிகிறார் என்று தாதி பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். படிக்கிற எனக்கு நோய் விளங்கும். ஆனால் டொக்டர் கடைசியில் நெஞ்சுப் படபடப்பு என்று எழுதி முடித்திருந்தால் நானும் படபடப்புக்கு உரியதைத்தான் போட வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ரிக்கட்டைப் பார்த்தே ஏசுவேன். என்னோடு வேலை செய்கிற பெரியநீலாவணைப் பிள்ளை அதைக் கேட்டுச் சிரிப்பாள். "அக்கா, உங்கள டொக்டராக்கியிருந்தா சனத்துக்கு ஏசியே சுகப்படுத்தியிருப்பீங்க" என்பாள்.

என் கணவர் மௌத்தானது பிரதான வீதியில், நல்ல பகல் வெளிச்சத்தில். மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் நான் இருந்தேன். ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டே வந்தது. எனக்கு முழங்கை உரசியதோடு சரி. அன்று பின்னேரமே ஜனாஸாவை அடக்கினார்கள். நான் வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தேன்.

புருஷனை இழந்தவள் பிறைக் கணக்கில் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், மணமுடிக்கக்கூடிய ஆண்களின் முன்னே வராமல் இருப்பதுதான் இத்தா. அரசாங்கமும் அதற்கு லீவு தருகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உம்மா, வாப்பா இருவரும் போய்விட்டார்கள். மருதமுனையில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நான் மட்டும். ஆனாலும் அந்த நாட்களில் வீடு வெறுமையாக இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்கள் வருவார்கள். ஒருவர் பிட்டு கொண்டுவருவார், ஒருவர் மீன் ஆணம் கொண்டுவருவார். ஸபுறு செய்து பொறுமையாக இருக்கச் சொல்வார்கள், மறுமையைப் பற்றிக் கதைப்பார்கள், பிறகு ஊர்க்கதைக்கு வந்துவிடுவார்கள். கணவரின் தம்பி வாசல் திரைக்கு அப்பால் நின்று, "மதினி, மரக்கறி வச்சிரிக்கன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருடைய செருப்பு மட்டும் திரைக்குக் கீழே தெரியும்.

வீதியில் பஸ் ஹோன் அடித்தால் என் உடம்பு தானாகச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நித்திரை என்பது கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகிவிட்டது. வந்த பெண்கள் அதைப் பார்க்காமல் இல்லை. "இத்தாவுல மனம் அப்படித்தான் மகள்" என்றார்கள். வெளியே போகாதவளை ஏன் போகவில்லை என்று யார் கேட்பார்கள்? எங்கள் ஊரில் அந்த நோயை ஒளித்து வைக்க இத்தாவைவிடத் தோதான இடம் கிடையாது.

இத்தா முடிந்த அன்று குளித்து, நிறச்சீலை உடுத்தேன். வட்டிலப்பம் வந்தது, துஆ ஓதினார்கள், எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அஸருக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு இருந்தேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடமை முடிந்தது, அவரவர்க்கு வீடு வாசல் இருக்கிறது. ஆனால் எனக்கு உண்மையான தனிமை அன்றைக்குத்தான் தொடங்கியது.

வேலைக்குப் போக வேண்டிய காலையில் உடுத்துக்கொண்டு கேற்றடிக்கு வந்தேன். சொல்லி வைத்திருந்த முச்சக்கர வண்டி வந்து நின்றது. நான் நிற்பது தெரியாமல் சாரதி ஒரு ஹோன் அடித்தார், அவ்வளவுதான். நான் எப்படி அறைக்குள் வந்தேன் என்று எனக்கே தெரியாது. வெகுநேரம் கழித்து எழுந்து, மடித்து வைத்த வெள்ளையை எடுத்து மறுபடி உடுத்தேன்.

அடுத்த வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன மகள், இத்தா முடிஞ்சிதானே?" என்றார்.

"பிறைக் கணக்குல பிழ விட்டுட்டம் மாமி. இன்னும் கொஞ்ச நாள் கிடக்கு" என்றேன்.

நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்த்து வருடா வருடம் சண்டை பிடிக்கிற ஊர் இது. பிறையில் பிழை என்றால் எதிர்த்து ஒரு கதை வராது. "கூட இருந்தாலும் நன்மைதான் மகள்" என்று மாமி சொன்னார். என் பேணுதலை ஊர் புகழ்ந்தது. தம்பியாரின் செருப்பு மறுபடி திரைக்குக் கீழே தெரிந்தது. அஸருக்கு வருவோர் மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரி ஊர்ப் பிறைக்குக் கட்டுப்படாது. லீவு முடிந்துவிட்டது, வராவிட்டால் வேலையை விட்டுப்போனதாக எழுதிவிடுவார்கள் என்று அலுவலகத்திலிருந்து போனில் கதைத்தார்கள். நான் ஓம் ஓம் என்றேன். அந்த வேலையும் போனால், காலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒரு இடமும் இராது. அது எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. எனக்கு என்ன நோய், அதற்கு என்ன புள்ளி என்பதும் தெரியும். தெரிந்தும் ஏன் டொக்டரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். போவதற்கு அந்த ரோட்டால்தானே போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பெரியநீலாவணைப் பிள்ளை வந்தாள். அவள் தமிழ்ப் பிள்ளை; இத்தாவில் இருப்பவளிடம் என்ன கதைக்கலாம், என்ன கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்ததும், "இது எப்பக்கா முடியும்?" என்றாள்.

"முடியும்."

"முடிஞ்சிட்டு எண்டுதானே ஒபிஸ்ல சொல்றாங்க."

நான் பிறைக் கதையைத் தொடங்கினேன். பாதியில் வீதியில் ஹோன் அடித்தது. கதை நின்றுவிட்டது. என் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பஸ் போய் அடங்கும் வரை அவள் அசையவில்லை. பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது இத்தா இல்ல. நாப்பத்திமூண்டு."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கும் தெரியும். நீங்களும் நானும் போட ஏலாதே. டொக்டர் எழுதணும்."

"ரோட்டுக்கு வர ஏலாது புள்ள."

"ரோட்டால ஆர் போகச் சொன்ன? கடற்கரையால போவம்."

திங்கட்கிழமை காலை அவள் வந்தாள். நான் வெள்ளையைக் கழற்றி, கறுப்பு அபாயா போட்டுக்கொண்டேன். ஒழுங்கைகளால் கிழக்கே இறங்கிக் கடற்கரைக்குப் போனோம். கரைவலை இழுக்கிறவர்கள் எங்களைக் கவனிக்கவில்லை. அலைச் சத்தத்தில் பிரதான வீதி காதில் விழவேயில்லை. அடுத்த ஊரான பாண்டிருப்பைத் தாண்டும்போது இனி ஏலாது என்று உட்கார்ந்துவிட்டேன். அவளும் மணலில் உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றி வாய் ஓயாமல் வம்பளந்தாள். எழும்புங்க என்று ஒரு தரமும் சொல்லவில்லை. நான்தான் எழும்பினேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் இருந்தவர் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்த பெண் டொக்டர். அவருடைய கையெழுத்தை ரிக்கட்டுகளில் கண்டிருக்கிறேன். அவர் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்றார். இத்தனை மாதத்தில் அத்தனை பெண்கள் வந்தும் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்பது எங்களுக்குள் முறை இல்லை.

சொன்னேன். என் கணவர் ரோட்டில் கிடந்தார் என்றேன். முகத்தில் ஒரு கீறலும் இல்லை என்றேன். கண்ணைத் திறந்து, "உனக்கு என்னமும் பட்டுதா?" என்று கேட்டார், நான் "எனக்கு ஒண்டுமில்ல" என்றேன், அதோடு சரி, அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை என்றேன். என் குரல் ரிக்கட் வாசிக்கிற குரலாகத்தான் இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

டொக்டர் எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே தலைகீழாக வாசித்தேன். சரியான நோய்தான். இது சுகப்படுத்தக்கூடியது, கிழமைக்கு ஒருதரம் வந்து கதைக்க வேண்டும், நாளாக நாளாக ரோட்டுக்கும் கொண்டுபோவோம் என்றார். லீவை நோய் லீவாக மாற்ற எழுதித் தருவதாகவும், வேலை போகாது என்றும் சொன்னார். மனம் ஆறுதலாக இருந்தது. எழும்பப் போனேன்.

"இன்னும் ஒன்று இருக்கிறது" என்று அவர் பேனையை மறுபடி எடுத்தார். "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?"

"நானும் அவரும்" என்றேன்.

பேனை எழுதாமல் நின்றது. டொக்டர் என்னைத் திருத்தவில்லை. நான் சொன்னது என் காதுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நான் மட்டும்" என்றேன். என் கணவர் போன பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.