சிக்கதாயம்மாவின் அமாவாசை லீவு

மைசூரின் கோகுலம் பகுதியில் நரஹரி சாரின் யோகசாலைக்கு அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாளும் லீவு. அங்கே பெருக்கித் துடைக்கும் சிக்கதாயம்மாவுக்கு மட்டும் அந்த இரண்டு நாளும்தான் இடுப்பு ஒடியும். கூடத்து ஜமக்காளங்களைச் சுருட்டி மாடிக்குச் சுமந்து, அலசிக் காயப்போட்டு, தரையைக் கழுவிவிட வேண்டும். நாற்பது பேர் வியர்வை ஊறிய ஜமக்காளம் என்ன கனம் கனக்கும் என்று எந்த யோக சாஸ்திரத்திலும் எழுதியிருக்காது.

"பௌர்ணமியில தெம்பு தலைக்கேறும், அளவு தெரியாம வளைஞ்சு சுளுக்கிக்குவீங்க. அமாவாசையில உடம்பு கல்லா கனக்கும். அன்னிக்கு அடிபட்டா லேசுல ஆறாது" என்று சார் மாணவர்களை எச்சரிப்பார். கேட்டுக்கொண்டே வாசலைப் பெருக்குவாள் சிக்கதாயம்மா. பெருக்குகிற உடம்புக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை.

ஜமக்காளம் மாடியில் காய்கிற இரண்டு மணி நேரம் கூடம் காலியாகக் கிடக்கும். ஒன்பது வருஷமாக அந்த நேரம் அவளுடையது. சேலையைக் கச்சம் வைத்துக் கட்டிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்ததையெல்லாம் செய்து பார்ப்பாள். பின்னால் வளைந்து கையைத் தரையில் ஊன்றி, யாரும் தொடாமல் மறுபடி எழுந்து நிற்பதுதான் அந்தக் கூடத்தில் பெரிய விஷயம். கடல் தாண்டி வந்தவர்களே அதற்கு மாதக்கணக்கில் முக்குவார்கள். ஐம்பதாவது வயதில், ஒரு பௌர்ணமியன்று அவள் எழுந்து நின்றுவிட்டாள். பார்க்கத்தான் ஆளில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது, "என் குதிரை கூட அப்படி வளையாதுடி" என்றார் டாங்கா வண்டி ஓட்டும் கணவர் ஜவரய்யா. அவ்வளவுதான் கிடைத்த பாராட்டு.

மறு வருஷம் ஒரு பௌர்ணமியன்று, மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க சார் வந்தார். கூடத்தின் நடுவே சிக்கதாயம்மா வில்லாக வளைந்திருந்தாள்.

"பௌர்ணமியும் அதுவுமா என்னம்மா பண்றீங்க? நாற்பது பேருக்கு வேண்டாம்னு சொல்றேன், என் கூடத்துலயே நடக்குதா?"

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மத்த நாள்ல கூடம் ஏது சார் எனக்கு? ஜமக்காளம் தூக்குறப்போ ஆகுற பௌர்ணமி, நான் வளைஞ்சா மட்டும் ஆகாதா?"

சாருக்கு முகம் சிவந்தது. "சரி. அஷ்டமியன்னிக்குக் காலையில வாங்க. எல்லார் முன்னாலயும் மூணு தடவை வளைஞ்சு எழுந்திருங்க. செஞ்சா தினமும் உங்களுக்கு இடம். இல்லேன்னா விளக்குமாறோட மட்டும்தான் இந்தக் கூடத்துக்குள்ள வரணும்."

அந்த எட்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "பௌர்ணமி உடம்பு தெரியும், அமாவாசை உடம்பு தெரியும். அஷ்டமி உடம்பு எப்படியிருக்கும்னே தெரியாதுங்க எனக்கு" என்று கணவரிடம் புலம்பினாள். தோற்றால் அந்த இரண்டு மணி நேரமும் போய்விடும்.

அஷ்டமியன்று கூடத்தில் நாற்பது பேரும் மூச்சடக்கி நின்றார்கள். முதல் தடவை வளைந்ததுமே அவளுக்கு ஆச்சரியம். பௌர்ணமியின் துள்ளல் இல்லை, அமாவாசையின் பாரமும் இல்லை. சொன்ன பேச்சு கேட்கிற உடம்பு. இப்படிப்பட்ட நாட்களையா இத்தனை வருஷம் விளக்குமாற்றிடம் கொடுத்தேன் என்று அழுகை முட்டியது. எழுந்தாள். இரண்டாவது முறையும் எழுந்தாள். மூன்றாவது முறை கால் லேசாக ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கூடம் கைதட்டலில் அதிர்ந்தது.

சார் முன்வரிசைக்காரரை நகரச் சொல்லி, சன்னலோர இடத்தைக் காட்டினார். "இது உங்க இடம். நாளையிலேர்ந்து முதல்ல யோகம், அப்புறம்தான் பெருக்கறது."

அடுத்த ஆறு நாளும் அவள் ஒரு நாள் தவறவில்லை. ஏழாம் நாள் அமாவாசை. காலை எட்டு மணிக்கு ஜவரய்யாவின் செல்போன் அடித்தது. சார்தான். சிக்கதாயம்மா படுத்தபடியே வாங்கினாள்.

"என்னம்மா, இன்னும் காணோம்? ஜமக்காளம் அப்படியே கிடக்கே!"

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. "சார், இன்னிக்கு அமாவாசை. யோகம் பண்றவங்களுக்கு லீவு. உடம்பு கனக்கும், அடிபட்டா லேசுல ஆறாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

மறுமுனையில் சார் வயிறு குலுங்கச் சிரிப்பது கேட்டது. "தூங்குங்கம்மா. நானே சுருட்டறேன்."

அன்று மாடிப்படியில் ஜமக்காளத்தோடு மூச்சிரைத்த நரஹரி சாரைத் தெருவே பார்த்தது. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, படுத்துக்கொள்வதற்கென்றே ஒரு ஜமக்காளம் கேட்டார் என்றும் பேச்சு.

அந்தக் காலையில் சிக்கதாயம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவையாக, வெயில் முகத்தில் விழுந்த பிறகும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.