ஒற்றை ஆளுக்கான டிரெய்லர்

நான் ஓய்வு பெற்ற மறு மாதம் என் மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கனடா போனாள். ஆறு மாதம் என்பதுதான் பேச்சு. குழந்தை பிறந்தது, மகள் வேலைக்குத் திரும்பினாள், விசாவை நீட்டித்தார்கள். பிறகு இன்னொரு முறை நீட்டித்தார்கள். நானும் ஒரு குளிர்காலம் அங்கே போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது பிடிபடவே வெகுநாள் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் பரங்கிப்பேட்டையில் ஒரு சின்ன ஃபைபர் படகு விலைக்கு வந்தது. பின்னால் மோட்டார் மாட்டி ஓட்டுவது. மகன்களோடு துபாயில் தங்கிவிட்ட ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாங்கிவிட்டேன். அதைச் சுமந்து நின்ற இரண்டு சக்கர டிரெய்லர்தான் உப்புக்காற்றில் போயிருந்தது. விரலால் அழுத்தினால் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. பேரிங் இறுகிச் சக்கரம் அசையவில்லை.

கடலூரில் கேட்ட இரண்டு பட்டறைகளிலும் தூக்கிப் போடச் சொன்னார்கள். சிதம்பரத்தில் டிராக்டர் டிப்பர் கட்டும் ஒருவர்தான் கொண்டுவரச் சொன்னார். என் வயதுதான் இருக்கும். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இதுல படகை எப்படி சார் ஏத்துவீங்க?”

“டிரெய்லரைத் தண்ணிக்குள்ள இறக்கணும். ஒருத்தர் வண்டியில இருப்பாரு, ரெண்டு பேரு படகைப் புடிச்சுத் தள்ளுவாங்க.”

“உங்ககூட யாரு வருவாங்க?”

“யாரும் இல்ல. நான் மட்டும்தான்.”

அவர் தரையில் சாக்பீஸால் ஏதோ கோடு போட்டார். “அப்ப இத அப்படியே ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. ஒரு ஆளு சமாளிக்கிற மாதிரி மாத்திடுவோம்.”

தினமும் காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். போக வேண்டிய அவசியமே இல்லை, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கம்பி பிரஷ்ஷைக் கையில் கொடுத்துத் துருவைத் தேய்க்கச் சொன்னார். மக்கிய சட்டங்களை வெட்டிவிட்டுப் புது இரும்புக் குழாய் வைத்தார். டிரெய்லரை இழுக்கும் என் பழைய ஜீப்பின் சக்கரம் தண்ணீரில் இறங்காதபடி முன்பக்கத்து இழுவைக் கம்பியை மூன்றடி நீட்டினார். படகு உட்காரும் மரப்பலகைகளை எடுத்துவிட்டு ரப்பர் உருளைகள் பொருத்தினார். முன்னால் கையால் சுற்றிப் படகை இழுக்க ஒரு வின்ச். துரு ஏறாமலிருக்க நான் ரெட் ஆக்சைடு அடித்தேன். பதினோரு மணிக்கு இருவருக்கும் டீ வரும். அதிகம் பேச மாட்டோம்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டே, “முடிஞ்சிது. நாளைக்கு வர வேணாம் சார்” என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். பஸ்ஸில் கடலூர் வரும்வரை எனக்கு என்னவோ போலிருந்தது.

கடல் கலக்கும் இடத்தில், வெள்ளாற்றுக் கரையில் முதல் நாள் படகு உருளைகள்மேல் வழுக்கிக்கொண்டு தானாகவே இறங்கியது. திரும்பி ஏற்றும்போதுதான் சிக்கல். நீரோட்டம் படகின் பின்புறத்தை ஒரு பக்கமாகத் தள்ளியது. படகைப் பிடித்தால் வின்ச் சுற்ற ஆளில்லை. வின்ச்சுக்குப் போனால் படகு திரும்பிக்கொள்கிறது. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச தூரத்தில் வலை பிரித்துக்கொண்டு நாலைந்து பேர் இருந்தார்கள். கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. இத்தனை வருடம் வகுப்பறையில் கத்தியவனுக்கு, “கொஞ்சம் வாங்க” என்று ஒரு வார்த்தை வரவில்லை.

கடைசியில் அவர்களில் ஒருவர் தானாகவே எழுந்து வந்தார்.

“தனியாவா வந்தீங்க?”

“ஆமா.”

“வூட்ல யாரும் இல்லியா?”

“ஊர்ல இல்ல.”

லுங்கியை மடித்துக் கட்டி இறங்கிப் படகைப் பிடித்தார். நான் சுற்றினேன். ஏறியதும் நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

மறுநாள் டிரெய்லரோடு சிதம்பரம் போய் நடந்ததைச் சொன்னேன். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. “இத நான்ல யோசிச்சிருக்கணும்” என்று, டிரெய்லரின் பின்முனையில் இரண்டு பக்கமும் நெஞ்சுயரத்துக்குக் குழாய்களை நட்டு, படகு உரசாமலிருக்க மேலே பிவிசி பைப் மாட்டினார். “ஆள் புடிக்கலன்னாலும் இதுக்கு நடுவுலதான் வந்தாவணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை படகு நேராக வந்து ஏறியது. வின்ச்சைச் சுற்றி முடித்துக் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். கரையில் யாரும் இல்லை. மனைவிக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. குழந்தை மடியில் தூங்க, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“தனியாவே ஏத்திட்டேன்” என்று டிரெய்லரைக் காட்டினேன்.

“யாரும் கூட இல்லாமயா?”

“ஆள் தேவையே இல்லாத மாதிரி மாத்தியாச்சு.”

அவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, “இவுங்க அடுத்த குழந்தைக்கும் யோசிக்கிறாங்க. இன்னும் ஒரு வருஷம் ஆவும்போல இருக்கு” என்றாள். “நீங்க சாப்ட்டீங்களா?”

“இனிமேதான்.”

குழந்தை விழித்துக்கொண்டது. போனை வைத்துவிட்டாள். நல்ல தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம் தேடிப் போய் டிரெய்லரில் ஒட்டியிருந்த உப்பைக் கழுவினேன். அதற்கே வெகுநேரம் பிடித்தது. சக்கரங்களுக்குள்ளும் கையை விட்டுக் கழுவினேன்.