கறுப்புக் கோட்டு பேனர்

முனிரத்தினத்திடம் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது முடிச்சூருக்கே தெரிந்த விஷயம். அப்பா நெல் விளைவித்த நிலத்தை மனைகளாக்கி விற்று முன்னுக்கு வந்தவர். இடம் பார்ப்பதில் கில்லாடி. மகள் தமிழினிக்குக் கல்லூரியையும் மனை பார்ப்பது மாதிரியே பார்த்தார். மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறதா, வாசலில் வளைவு பெரிதா, பஸ்ஸில் ஏசி உண்டா, அவ்வளவுதான்.

தமிழினிக்கு வக்கீலாக வேண்டும். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடப் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. "பொம்பளப் புள்ள அம்மாந்தூரம் போயி இன்னாத்துக்கு?" என்று அதைத் தட்டிக் கழித்தார். ஊரப்பாக்கம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் 'லீகல் ஸ்டடீஸ்' பட்டப்படிப்பில் சேர்த்துவிட்டார்.

"ஊரே அஞ்சு வருசம் படிக்கிறத எம்பொண்ணு மூணு வருசத்துல முடிச்சிருவா" என்று டீக்கடையில் மார்தட்டினார். அதோடு விட்டாரா மனுஷன்? ஊர் முனையில் பேனர் கட்டினார். தமிழினியின் முகத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் ஒட்டவைத்த கறுப்புக் கோட்டு. 'வருங்கால நீதிபதியே!' என்று கொட்டை எழுத்தில் வாழ்த்து. அன்றிலிருந்து அவள் ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். கூச்சப்படுகிறாள் என்று இவர் பூரித்துப் போனார்.

பட்டா விஷயமாகத் தாம்பரத்தில் வக்கீல் சத்யநாராயணனைப் பார்க்கப் போனபோது, கையோடு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய் நீட்டினார்.

"என்ன கோர்ஸ்?" என்றார் வக்கீல்.

முனிரத்தினம் சொன்னார், மூன்று வருடத்தை அழுத்தி.

ஸ்வீட் எடுக்க நீண்ட வக்கீலின் கை அப்படியே நின்றது. "முனிரத்தினம், அது சட்டத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கற டிகிரி. அதை மட்டும் வச்சு வக்கீலா பதிவு பண்ண முடியாது. முடிச்சிட்டு எல்எல்பி இன்னும் மூணு வருஷம் படிக்கணும்."

ஐந்தை மூன்றாக்கப் போய் ஆறாக்கிவிட்டு வந்திருந்தார். திருநெல்வேலி இடம் எப்போதோ வேறு பிள்ளைக்குப் போயிருக்கும். அறையில் காத்திருந்தவர்கள் வேறு இவரையே பார்த்தார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பட்டாவைப் பற்றிப் பேசாமலே எழுந்துவிட்டார்.

நேராகப் போய்ப் பேனர் கயிற்றை அறுத்தார்.

"இன்னா மாமா, ஜட்ஜம்மாவ எறக்கிட்ட?" என்று டீக்கடையிலிருந்து தனக்கோடி கேட்டான். கேலிகூட இல்லை, சும்மாதான் கேட்டான். இவருக்கு உடம்பு கூசியது. மகளின் முகம் மடிந்துவிடாமல் சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் தமிழினி வந்ததும் கேட்டார். "இத்தப் படிச்சா வக்கீலாவ முடியாதுன்னு உனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்பா."

"அப்பன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் சுருட்டி வைத்திருந்த பேனரைப் பார்த்தாள். "சொன்னேன்பா. சேர்க்கப் போன அன்னிக்கே, அந்த அட்மிஷன் மேடம் முன்னாடி. 'நேத்துப் பொறந்தவ, உனுக்கு இன்னா தெரியும், வாய மூடு'ன்னீங்க."

முனிரத்தினத்துக்கு நினைவு வந்தது. அதைச் சொல்லிவிட்டு அந்த மேடமும் தானும் சேர்ந்து சிரித்தது உட்பட.