நாற்பது கம்பிச் சில்லு

நாரந்தனையில் சைக்கிள் இருந்தும் நடந்தே திரிந்த ஒரே மனுசி என் அக்கா மீனலோசனிதான். வீட்டில் இரண்டு சைக்கிள் இருந்தன, அத்தானுடையது ஒன்று, அக்காவுடையது ஒன்று. இரண்டையும் அத்தான் கழற்றிப் போட்டிருந்தார். சங்கக்கடைக்கும் நடை, தோட்டத்துக்கும் நடை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா வாயைத் திறக்கமாட்டாள்.

அத்தான் தியாகலிங்கம் தெற்கே காலி என்கிற சிங்கள ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடையை எரித்துவிட்டார்கள். கட்டின சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு தன் கையால் செய்யாத எதையும் அவர் நம்புவதில்லை. கதிரையில் உட்காருவதென்றாலும் முதலில் ஒருதரம் ஆட்டிப் பார்ப்பார்.

எண்பத்தெட்டின் கடைசியில் அவருக்குக் கண் பழுதாகத் தொடங்கியது. நேரே பார்த்தால் தெரியும், பக்கம் தெரியாது. பட்டப்பகலில் சைக்கிளைக் கொண்டுபோய் வேலிக்குள் விட்டார். பட்டணத்துக் கண் டாக்குத்தர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, தை மாதம் வாருங்கள், வெட்டவேண்டும், பிந்தினால் போன பார்வை திரும்பாது என்று சொல்லி, அதுவரைக்கும் கண்ணில் விட மருந்தும் கொடுத்தார். அக்கா அவர் சொன்னதைத் திருவாசகம் போல மனனம் செய்து வைத்திருந்தாள்.

எப்படிப் போவது என்பதில்தான் வில்லங்கம். எங்கள் தீவிலிருந்து பட்டணத்துக்குக் கடலை ஊடறுத்துப் போகிற பண்ணைத் தாம்போதி ஒன்றுதான் பாதை. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்தாலும் இந்தியன் ஆமி வழியில் இறக்கி நடக்கவிடும். அக்கா சைக்கிளில் ஒரு மூட்டை மாவோடு பட்டணம் போய் வருகிறவள். "கரியரிலை ஏறி இருங்கோ, நான் கொண்டுபோறன்" என்றாள்.

"பெண்சாதியின்ர கரியரிலை குந்திக்கொண்டு நாலு சனம் பாக்கப் போக என்னாலை ஏலாது" என்றார் அத்தான்.

காலியில் ஒரு வெள்ளைக்காரச் சோடியின் இரட்டைச் சைக்கிளுக்கு அவர் சில்லுக் கட்டிக் கொடுத்திருக்கிறாராம். "ரெண்டு சைக்கிளையும் ஒண்டாக்குவம். முன்னாலை நீர் பிடியும், பின்னாலை நான் மிதிக்கிறன்." அப்போதுதான் அவர் கரியரில் ஏற்றிய சாமான் ஆகமாட்டாராம். ஊர்காவற்றுறையில் வள்ள இயந்திரம் திருத்துகிற சவிரிமுத்து, இரண்டையும் வெட்டி ஒன்றாக வெல்டிங் செய்து கொடுத்தார். அது ஒரு கிழமைக்குள் முடிந்தது. முடியாமல் போனது சில்லுத்தான்.

சைக்கிளுக்கு முன்சில்லில் முப்பத்திரண்டு கம்பி, பின்சில்லில் நாற்பது. இரண்டு பேருடைய பாரத்துக்கு முப்பத்திரண்டு காணாது என்று இரண்டு பின்சில்லுகளையும் எடுத்து, ஒன்றை முன்னால் போட்டார். அது வரைக்கும் சரி. பிறகு கம்பிகளில் உப்புக்காற்று ஏறியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கழற்றினார். தடித்த கம்பி வேண்டுமென்று அக்காவை வேலணைக்கும் பட்டணத்துக்கும் அனுப்பினார். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்துப் பூட்டினார். இரண்டு மூட்டை நெல்லை ஏற்றி முற்றத்தில் உருட்டச் சொன்னார். அக்கா உருட்டினாள். எங்கேயோ ‘கிறீச்’ என்றது என்று திரும்பவும் கழற்றினார்.

"பண்ணைத் தாம்போதியிலை, நடுக்கடலுக்குள்ளை கம்பி அறுந்தால் என்ன செய்வீர்?"

"இறங்கி நடப்பன்" என்றாள் அக்கா.

தை போய்விட்டது. வருசப்பிறப்பும் போய்விட்டது. நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "அத்தான், இந்தச் சில்லுக்கு என்ன குறை?" என்று கேட்டேன். "மயிரிழை அளவு நெளிவு கிடக்கு பிள்ளை" என்றார். சில்லைச் சுழலவிட்டு, விளிம்பில் நகத்தைத் தொட்டபடி இருந்தார். நான் முன்னால் நிற்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

குசினிக்குள் போய் அக்காவை ஏசினேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அவருக்குச் சில்லிலை பயமில்லையடி. கண்ணிலை கத்தி வைப்பினம் எண்டு பயம்."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருக்கிறியள்?"

"எல்லாம் எரியக்குள்ளை பாத்துக்கொண்டு நிண்ட மனுசன். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுறியோ? எனக்குக் களைச்சுப்போச்சு."

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது, அவர் மேலும் கோபம் வந்தது. இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது.

ஆவணியில் அத்தான் சில்லுச் சரி என்றார். பிள்ளையார் கோயிலடியில் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துப் புறப்பட்டார்கள். போகும்போது சோளகக் காற்று முதுகில் தள்ளிவிட்டது. மண்கும்பான் மணலிலும் சில்லு ஆடவில்லை. அல்லைப்பிட்டி காவலரணில் நின்ற ஆமிக்காரன் இந்த விநோதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சோதிக்காமலே விட்டானாம். அத்தானுக்கு அன்று வாய் ஓயவில்லை. ஒரு கம்பியாவது முனகுகிறதா பாரும் பாரும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

டாக்குத்தர் இரண்டு கண்ணையும் நெடுநேரம் பார்த்தார். இனி வெட்டிப் பிரயோசனமில்லை என்றார். வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் மிஞ்சியிருக்கிற கொஞ்சமும் போய்விடும். தை மாதம் வந்திருந்தால் இருந்த பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம்.

திரும்பும்போது காற்று எதிர்த்தது. இரட்டைச் சைக்கிளில் ஒருவர் மிதிப்பது மற்றவரின் காலுக்குத் தெரியும். தாம்போதியில் ஏறியதும் அக்காவுக்கு மிதி பாரமாகிவிட்டது. பின்னால் இருந்தவரின் கால்கள் பெடலோடு சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. அவள் தனியாக மிதித்தாள். இரண்டு பக்கமும் கடல், காற்று முகத்தில் அறைந்தது.

"சில்லு ஏதும் சத்தம் போடுதோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"கம்பி ஒண்டும் தளரேல்லையோ?"

"இல்லை. நல்லாய்த்தான் ஓடுது."

கொஞ்சத் தூரம் போனபின், அவர் அழுகிற சத்தம் கேட்டது.

"தையிலை உம்மட கரியரிலையே வந்திருக்கலாம்" என்றார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "இப்ப மிதியுங்கோ" என்றாள். "எனக்கு இனி ஏலாது."

அவர் மிதித்தார்.