பேட்டரியில் செருகிய பனியன் துணி

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் சந்துக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் வந்த வருஷம் அது. பெண்கள் குடத்தாலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். என் அம்மாவுக்கும் நெற்றியில் ஒரு காயம். முதலில் கைநீட்டியது யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. அது கிடக்கட்டும். அந்தக் காயம் ஆறுவதற்குள் சித்தி போய்விட்டாள்.

அம்மாவின் அண்ணன், என் மாமன், ஒரு பழைய கார் வைத்திருந்தார். பனியன் வாங்க வரும் வடக்கத்தி வியாபாரிகளை ரயிலடியிலிருந்து கூட்டிவருகிற வண்டி. நன்றாக ஓடும், திடீரென்று ஹாரன், விளக்கு, எஞ்சின் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். பேட்டரி முனையில் மாட்டும் வளையம் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எது ஆடினாலும் பனியன் வெட்டிய கழிவுத் துணியைத்தான் செருகுவோம். மண்வெட்டிக் காம்புக்கும் அதுதான், தையல் மிஷின் காலுக்கும் அதுதான். மாமனும் வளையத்துக்குள் அதையே செருகி இறுக்கியிருந்தார். வண்டி நின்றால் துணியை அமுக்குவார், உயிர் வந்துவிடும். துணிதான் வைத்தியம் என்று நம்பினார்.

சித்தி பிரசவத்துக்குக் குன்னத்தூரில் அம்மாவின் அப்பா, என் அப்புச்சி வீட்டுக்கு வந்திருந்தாள். துணைக்கு அம்மாவும் நானும் அங்கே போயிருந்தோம். ஒரு மத்தியானம் வலி எடுத்தது. பிள்ளை வரவில்லை, ரத்தம்தான் வந்தது. நல்லவேளை கார் இருக்கிறது என்றார்கள் எல்லோரும். திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அம்மா மடியில் சித்தி. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

பெருமாநல்லூருக்கு முன்னால் வண்டி நின்றது. பின்னால் திருப்பூர் பஸ் வந்தது. அம்மா இறங்கிக் குறுக்கே நின்று அதை மறித்தாள்.

"அண்ணா, பஸ்ல ஏத்திரலாமுங்க."

"செத்த பொறு அம்மிணி. துணி எளகிருச்சு, அவ்வளவுதான்."

"ஏனுங்க, வாறீங்களா, இல்லீங்களா?" என்றார் கண்டக்டர்.

மாமன் துணியை அமுக்கிவிட்டு உள்ளே கையை விட்டு ஹாரனை அடித்தார். அலறியது. நான் கை தட்டினேன்.

"பாத்தியா! நீங்க போங்க சாமி," என்று மாமன் சிரித்துக்கொண்டே பஸ்ஸை அனுப்பிவிட்டார்.

கொஞ்ச தூரம்தான். மறுபடி செத்தது. இந்த முறை எவ்வளவு அமுக்கியும் உயிர் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தது ஒரு மாட்டு வண்டி. பஞ்சு மூட்டைகளை ரோட்டோரம் தள்ளிவிட்டு சித்தியைக் கிடத்தினார்கள். மாடுகள் அவற்றின் நடைதான் நடந்தன. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா தன் தங்கையின் கண்களை மூடினாள். வயிற்றில் இருந்ததும் இல்லை.

பிறகு ஒரு மெக்கானிக் அந்தத் துணியைப் பிடுங்கி எறிந்தார். "வளையமும் முனையும் ஒண்ணையொண்ணு தொடோணுமுங்க. நடுவுல துணிய வெச்சா கரண்டு எப்புடிப் போகும்? அமுக்கறப்ப ஒரு ஓரம் தொட்டிருக்கும், அவ்வளவுதானுங்க." அந்த வண்டியில் மாமன் மறுபடி ஏறவில்லை.

ஹாரன் அலறியபோது அம்மா போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வண்டிக்கு உயிர் வந்துவிட்டதே, இவள் ஏன் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அது செத்தே கிடந்திருந்தால் சித்தி பிழைத்திருப்பாள்.

இப்போது பெருமாநல்லூரில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரனின் பழைய காரும் நின்று நின்று கிளம்புகிறது. அவன் பெண்டாட்டிக்கு ஒன்பதாம் மாசம். கேட்டால், "அதான் ஸ்டார்ட் ஆயிருச்சுல்ல, உடுங்க அப்புச்சி" என்கிறான். பெருமாநல்லூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவனிடம் சொல்லுங்கள்: வலி எடுக்கும்போது அந்த வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஏற்ற வேண்டாம்.