குளவி காத்த வரிசை

வெற்றிலையைக் கசக்கி முகர்ந்தால் வருகிற கார நெடியும் தண்ணீர் பாய்ந்த மண்ணின் வாடையும் கலந்த ஒரு குளிர்ச்சி, வெயிலில் நடந்து வந்தவர்களின் முகத்தில் படலைத் திறந்ததுமே வந்து படும். கோம்பைக்குக் கிழக்கே எங்கள் அய்யாவுக்கு இருந்த கொடிக்காலைப் பற்றித்தான் சொல்கிறேன். அகத்தி மரங்களை நெருக்கமாக வரிசை வைத்து வளர்த்து, அவற்றின் மேல் வெற்றிலைக் கொடியைக் கோரையால் கட்டி ஏற்றிவிட்டிருப்பார்கள். அகத்தித் தழை மேலே கவிந்திருக்க, கீழே வெயில் சல்லடையில் சலித்த மாதிரிப் பொட்டுப் பொட்டாக விழும். வெற்றிலைக்கு அவ்வளவு வெயில் போதும், அதற்கு மேல் ஆகாது.

உள்ளே போவதற்கு ஏகப்பட்ட சட்டதிட்டம் உண்டு. செருப்பைப் படலுக்கு வெளியே கழற்ற வேண்டும், உள்ளே எச்சில் துப்பக் கூடாது, பெண்கள் "வீட்டுக்குத் தூரமாக" இருக்கும் மூன்று நாளும் படலைத் தாண்டவே கூடாது. தாண்டினால் கொடி பட்டுப்போகும் என்பார்கள். இலை கிள்ளுவதிலும், எண்ணாமலே நூறு இலைக்கு ஒரு "கவுளி"யாக அடுக்கிக் கட்டுவதிலும் என்னைப் பெற்ற ஆத்தாவை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. அந்தக் கொடிகளில் பாதிக்கு மேல் அவள் கையால் நட்டவை. ஆனாலும் அய்யாவின் கொடிக்கால் என்றுதான் ஊரில் பேர்.

மலைமேல் பெரியாற்றுக்கு அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அடிவாரத்துக் "கேம்பு"க்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். அவர்களுக்கு வெற்றிலையும் வேண்டும், கீரையும் வேண்டும், பாரம் இழுக்கிற மாடுகளுக்குத் தழையும் வேண்டும். அங்கே சரக்குக் கொண்டுபோகும் வண்டிக்காரர் ஒருவர் பங்குனி மாதம் எங்கள் படலருகே வந்து நின்று, வெற்றிலையை விட்டுவிட்டு அண்ணாந்து அகத்தியைப் பார்த்தார். கீரைக்குக் கீரை, தீவனத்துக்குத் தீவனம், எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அய்யாவுக்கு வாயெல்லாம் பல். வெயில் காலத்தில் தழையில் கை வைக்கக் கூடாது என்று ஆத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும் என்று அய்யா முடித்துவிட்டார்.

தொரட்டியால் கிளையை வளைத்துத் தழை உருவியது நான்தான். ஒன்பது வயசு எனக்கு. வண்டி நிறைந்ததும் அந்தத் தழை மேல் ஏறி உட்கார்ந்து சாலைவரை போகலாம் என்கிற சந்தோஷத்தில் மரம் மரமாக மொட்டையடித்தேன். கிணற்றை ஒட்டிய கடைசி வரிசையில் மட்டும் ஒரு குளவிக் கூடு தொங்கியது. முந்தின வருஷம் கொட்டு வாங்கிக் கண் வீங்கியவள் ஆகையால் அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று அய்யாவிடம் பொய் சொல்லிவிட்டேன்.

மழை வரவில்லை. சித்திரை பிறந்ததும் இலைகள் பழுத்து, ஓரம் தீய்ந்து, கொடிகள் துவண்டன. குடம் குடமாக ஊற்றியும் பயனில்லை. யாரோ தீட்டோடு உள்ளே போயிருக்கிறார்கள் என்று இலை கிள்ள வந்தவர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். யார் மேலாவது பழியைப் போடக் காத்திருந்த அய்யாவுக்கு அது வாகாகக் கிடைத்தது. ஒருநாள் உச்சி வேளையில், வேலையாட்கள் எல்லோரும் பார்த்திருக்க, ஆத்தாவைப் படலருகே நிறுத்திச் சொன்னார்:

"தூரமா இருக்கையில நீதான் உள்ள போயிருக்கே. இனிமே இந்தக் கொடிக்கால்ல ஒன் காலு படக் கூடாது."

தழையை உருவியது யார் என்று எனக்குத் தெரியும். தொரட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். அறுபது வயசு தாண்டியும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆத்தா அழுவாள், இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, படலைத் தள்ளி, நேராகக் கிணற்றடிக்கு நடந்தாள். அய்யா கத்திக்கொண்டே பின்னால் போனார், நாங்களும் போனோம். குளவிக் கூடு தொங்கிய வரிசையில் மட்டும் கொடிகள் கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டு நின்றன.

"போனேன்," என்றாள். "இந்த மாசம் மட்டுமில்ல, மாசாமாசம் போனேன். நா போகலேன்னா சரிஞ்ச கொடிய யாரு தூக்கிக் கட்டுவாக? இந்த வரிசையிலயும் நாந்தான் நடந்தேன். இது ஏன் கருகல? அண்ணாந்து பாருங்க."

அய்யா அண்ணாந்து பார்த்தார். மேலே அடர்ந்த தழை. திரும்பி மற்ற வரிசைகளைப் பார்த்தார். அங்கே வெறும் வானம். தப்பு என்மேல்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. ஆனால் மறுநாள் மறுபடியும் தழை கேட்டு வந்த வண்டிக்காரரை, கிணற்றடி வரிசைத் தழையும் கிடையாது என்று வெறும் வண்டியோடு திருப்பி அனுப்பினார். மொட்டை மரங்களின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிப் பாதிக் கொடிகளைக் காப்பாற்றினோம்; மறுபாதி போனது போனதுதான். ஆத்தா வழக்கம்போல உள்ளே போய்வந்தாள், யாரும் மறிக்கவில்லை. நான் பெரியவளான பிறகு, அந்த மூன்று நாளில் நானும் போகலாமா என்று அவளிடம் கேட்டேன். "மேல நெழலு இருக்கான்னு பாத்துட்டுப் போ" என்றாள்.

பெரியாற்றுத் தண்ணீர் வந்து சில வருஷத்தில் அந்த இடம் நெல் வயலாகிவிட்டது. அகத்தியும் இல்லை, படலும் இல்லை; அணை வேலை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் "கேம்பு" என்கிற பேர் மட்டும் அடிவாரத்தில் தங்கிவிட்டது. பெண்களைத் தள்ளி நிறுத்துகிற வழக்கமும் தங்கிவிட்டது. போன மாதம் அதே இடத்தில் களை பறிக்கக் கிளம்பிய என் மருமகள், "தூரம்" என்று சொல்லி வாசலில் தயங்கி நின்றாள். ஆத்தா எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொல்ல வழியில்லை, அங்கே நிழல் ஏது? வெயில் தாழட்டும், போய்ட்டு வா என்றேன்.